ஒன்றரை ஷிப்டும் இருபது மணி நேரமும்

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பி.ஈ. முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இங்கிலாந்துல லண்டனுக்கு வெளியே ஒரு ஊருல எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைச்சிருக்கு. பாதி ஃபீஸ் கட்டியாச்சு. தங்கச்சியோட நகை பேங்க்ல இருக்கு, மச்சானோட ரெண்டு ஓவர்லாக் மெஷின் வேற ஒருத்தர் கம்பெனில ஓடிட்டு இருக்கு (அதாவது வித்தாச்சு). சாப்பிட்டு முடிச்சு, வெத்தலைப் பெட்டிய நான் இழுக்கறப்ப மெதுவா கேட்டான்.

"மாமா, மீதி பாதி ஃபீஸ் பார்ட் டைம்ல சம்பாரிச்சுக் கட்டிரலாம்னு கன்சல்டன்சில சொல்றாங்க. கட்டிரலாம்ல?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியலீங்க. "பார்க்கலாம் மாப்ளே" என்று சொல்லி அனுப்பிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு வாரமா பழைய செய்திகளையும் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்து எழுதினதுதான் இது. அவனுக்குச் சொல்ல நினைச்சதுதான். ஆனா திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்ப இதே கேள்வியோட ஒரு பையனோ பொண்ணோ இருக்கறதால, பொதுவாவே எழுதி வைக்கிறேன்.

முதல்ல நம்ம ஊரு கதை

படிச்சுக்கிட்டே வேலை பார்க்கறது திருப்பூர்க்காரனுக்குப் புதுசு இல்லை. 1991-ல் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியில் நான் சேர்ந்தப்போ எங்க வகுப்புல பாதிப் பேர் சாயங்காலம் பனியன் கம்பெனிக்குப் போறவங்க. செக்கிங், மடிக்கிறது, பேக்கிங்... கொஞ்சம் கை தேர்ந்தவன் சிங்கர் அடிப்பான், பேட்லாக் அடிப்பான். சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல பேக்கரியில உட்காந்து டீயும் பப்ஸும் சொந்தக் காசுல சாப்பிடறது இருக்கே, அதுக்கு ஈடு இல்லீங்க.

இந்த ஊரோட நம்பிக்கையே அதுதான். 1920-களில் கல்கத்தாவிலிருந்து பின்னல் மெஷின் இங்கே வந்து, உள்நாட்டு பனியன் ஊரா ஐம்பது வருஷம் ஓடுச்சு. 1970-களின் கடைசியில் இத்தாலிக்காரர் ஒருத்தர் டி-சர்ட் தேடி இங்கே வந்தார். அதுக்கப்புறம்தான் ஏற்றுமதி. 1985-ல் பதினஞ்சு கோடி ரூபாய் அளவுக்கு இருந்த ஏற்றுமதி 2024-25-ல் நாற்பதாயிரம் கோடியைத் தொட்டது. இதுல முதலாளி ஆனவங்கள்ல கணிசமான பேர் ஒரு காலத்துல மெஷின்ல உட்காந்து அடிச்சவங்க. ஷாரத் சாரி என்கிற ஆய்வாளர் 1990-களில் இங்கேயே தங்கியிருந்து விசாரிச்சு, 2004-ல் ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கார். "எப்படி முன்னேறினீங்க?"ன்னு கேட்டா எல்லாக் கவுண்டர் முதலாளிகளும் ஒரே பதிலைத்தான் சொன்னாங்களாம்: உழைப்பு.

மச்சானும் அதேதான் சொல்றார். "நாங்க கை மடிச்சு வந்தவங்க. அவன் அங்க நாலு தட்டு கழுவுனா தேஞ்சா போயிருவான்?"

தேய மாட்டான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா நான் வேலை பார்த்த கம்பெனியில (பேர் வேண்டாம்) ஒரு நாள் ராத்திரி பேட்லாக் ஊசி என் கூட வேலை பார்த்த பையனோட விரல்ல இறங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. "எங்க வேலை பார்க்கறேன்னு கேட்டா வீட்டு மெஷின்னு சொல்லு"ன்னு வழியிலேயே கணக்கப்பிள்ளை சொல்லிக் கொடுத்துட்டார். அவன் பேரு எந்த ரெஜிஸ்டர்லயும் இல்லை. ஈஎஸ்ஐ இல்லை. அவனும் அப்படியே சொன்னான். சொல்லாட்டி அடுத்த சனிக்கிழமை சம்பளம் வராதே!

இந்தச் சம்பவத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. கடைசி வரைக்கும் இது திரும்பத் திரும்ப வரும்.

ஈரோட்டுக்காரரும் பீகார்க்காரரும்

நம்ம பக்கத்துல இருந்து வெளிநாடு போன மாணவர்னு யோசிச்சா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது கணித மேதை ராமானுஜன். கும்பகோணம்னு எல்லாரும் சொன்னாலும் 1887-ல் பிறந்தது நம்ம ஈரோட்டுல. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். மெட்ராஸ் பல்கலைக்கழகம் வருஷம் 250 பவுண்டு கொடுத்தது. அதுல 50 பவுண்டு ஊர்ல இருக்கற குடும்பத்துக்கு. டிரினிட்டி கல்லூரி இன்னொரு 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. பணத்துக்குக் கஷ்டம் இல்லை, பார்ட் டைம் வேலை தேவையே இல்லை.

அப்படியும் என்ன ஆச்சு? போன புதுசுல குளிர்ல நடுங்கிக்கிட்டு, கட்டில்ல கம்பளிக்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கார். கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைஞ்சு படுக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லல. அங்கே படிச்சுக்கிட்டிருந்த மகலனோபிஸ் பார்த்துட்டுச் சொல்லிக் கொடுத்தாராம். சைவச் சாப்பாட்டுக்குத் தானே பொங்கித் தின்னணும், அது உலகப் போர் காலம் வேற, சாமான் கிடைக்காது. 1917-ல் படுத்த படுக்கை. 1918-ல் லண்டன் ரயில் தண்டவாளத்துல விழுந்தார், தெய்வாதீனமா உயிர் தப்பிச்சது. 1919-ல் ஊர் திரும்பி அடுத்த வருஷம் போய்ட்டார், 32 வயசுல.

பணம் இருந்தும், மேதைன்னு உலகமே கொண்டாடியும், குளிரும் சாப்பாடும் தனிமையும் சேர்ந்து ஒரு மனுஷனை அப்படி ஆக்கிருச்சு. 'பாதுகாப்பு'ன்னு சொன்னா நாம அடிதடியை மட்டும்தான் நினைக்கிறோம்.

இன்னொருத்தர் ஜெயப்பிரகாஷ் நாராயண். எமர்ஜென்சி காலத்து ஜே.பி.யேதான். 1922-ல் பீகார்ல இருந்து அமெரிக்கா போனவர். கையில காசு கிடையாது. கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத்துல வேலை, பழம் டப்பாவில் அடைக்கிற இடத்துல வேலை, ஓட்டல்ல தட்டு கழுவற வேலை. பெர்க்லியில் சேர்ந்து கொஞ்ச நாள்ல அங்கே ஃபீஸை ரெண்டு மடங்கு ஆக்கிட்டாங்க. வேற வழியில்லாம ஃபீஸ் குறைஞ்ச அயோவாவுக்கு மாறினார். அப்புறம் விஸ்கான்சின், ஒஹாயோ. ஏழு வருஷம் கழிச்சு 1929-ல் பட்டத்தோட திரும்பினார்.

"பார்த்தீங்களா, ஜே.பி.யே தட்டு கழுவினார்"னு கன்சல்டன்சிக்காரர் சொன்னாலும் சொல்வார். அவர் சொல்லாம விடறது ரெண்டு. ஒண்ணு, ஜே.பி.க்கு ஆனது ஏழு வருஷம். ரெண்டு, ஃபீஸ் ஏறினதும் வேற ஊருக்கு மூட்டையைக் கட்ட அவரால முடிஞ்சது. இன்னைக்கு மாணவர் விசா ஒரு குறிப்பிட்ட காலேஜோட கட்டின கயிறு.

கல்வி எப்போ ஏற்றுமதிச் சரக்கு ஆச்சு?

இந்த இடம் கொஞ்சம் போரடிக்கும், பொறுத்துக்கங்க. ஆனா விஷயமே இங்கேதான் இருக்கு.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வெளிநாட்டு மாணவர்களை வரவழைச்சது ஒரு மாதிரி நல்லெண்ணக் கணக்குல. 1951-ல் தொடங்கின கொழும்புத் திட்டத்துல ஆசிய நாட்டு மாணவர்கள் ஸ்காலர்ஷிப்ல ஆஸ்திரேலியாவுக்குப் போனாங்க. பிரிட்டன்ல உள்ளூர் மாணவனுக்கும் வெளிநாட்டு மாணவனுக்கும் 1967 வரைக்கும் ஒரே ஃபீஸ். அந்த வருஷம்தான் வெளிநாட்டவருக்குத் தனியாக் கூட்டினாங்க. 1979-ல் தாட்சர் ஆட்சிக்கு வந்ததும், 1980-லிருந்து வர்ற வெளிநாட்டு மாணவர் முழுச் செலவையும் தானே கட்டணும்னு அறிவிச்சாங்க. 1985-ல் ஆஸ்திரேலியாவும் முழுக் கட்டண மாணவர்களுக்குக் கதவைத் திறந்துச்சு. அதுக்கப்புறம் அங்கே கல்வி என்பது இரும்புத்தாது, நிலக்கரி மாதிரி ஒரு ஏற்றுமதி வரவு.

நமக்குப் புரியற மாதிரி சொன்னா, நாம டி-சர்ட் ஏத்தறோம், அவங்க டிகிரி ஏத்தறாங்க. என்ன, நம்ம சரக்கு கப்பல்ல போகுது. அவங்க சரக்கை வாங்க ஆளே ஃப்ளைட்ல போகணும் :-)

ஃபீஸ் ஏற ஏற, வசதியான வீட்டுப் பிள்ளைங்க மட்டும் போதாது. நடுத்தர வீட்டுப் பிள்ளைங்களும் வரணும்னா ஒரு ஆசை காட்டணும். அதுதான் வேலை அனுமதி. அதே நேரம் உள்ளூர்த் தொழிலாளி சண்டைக்கு வரக்கூடாது, அதனால ஒரு வரம்பு. வாரம் 20 மணி நேரம் பல நாட்டுல அப்படித்தான் வந்துச்சு. பிரிட்டன்ல பட்டப் படிப்பு மாணவருக்கு வகுப்பு நடக்கற காலத்துல வாரம் 20 மணி. ஆஸ்திரேலியாவில் 20 மணியா இருந்து, 2012-ல் ரெண்டு வாரத்துக்கு 40 ஆச்சு, கொரோனா நேரத்துல ஆள் பற்றாக்குறைன்னு வரம்பையே தூக்கினாங்க, 2023 ஜூலையிலிருந்து ரெண்டு வாரத்துக்கு 48. கனடாவிலும் 2022 நவம்பர்ல தூக்கி, 2024 ஏப்ரலோட முடிச்சு, அதே வருஷம் நவம்பர்ல வாரம் 24-ன்னு ஆக்கினாங்க. அமெரிக்காவில் கேம்பஸுக்கு உள்ளே மட்டும் 20 மணி, வெளியே தனி அனுமதி இல்லாம தொடவே கூடாது.

கவனிச்சீங்களா? ஆள் தேவைன்னா கயிறு தளரும். தேவை இல்லைன்னா இறுகும். மாணவனோட படிப்புக்கும் இதுக்கும் பெரிசா சம்பந்தம் இல்லை. நம்ம கம்பெனிகள்ல ஆர்டர் வந்தா ஒன்றரை ஷிப்ட், ஆர்டர் இல்லைன்னா "நாளைக்கு லீவு"ன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

மெல்போர்ன் ராத்திரிகள்

2009-ல் ஆஸ்திரேலியாவில் இந்திய மாணவர்கள் அடி வாங்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மே 31 அன்னைக்கு மெல்போர்ன் நடுத்தெருவுல ஆயிரக்கணக்கான மாணவர்கள் உட்கார்ந்தாங்க. மறுநாள் விடியற நேரத்துல போலீஸ் கலைச்சது. அமிதாப் பச்சன் அங்கேயிருந்து வந்த கௌரவ டாக்டர் பட்டத்தை வேண்டாம்னுட்டார். 2010 ஜனவரி 2 ராத்திரி, பஞ்சாப்ல இருந்து கணக்குப் படிப்பு படிக்கப் போன 21 வயசுப் பையன், பர்கர் கடை வேலைக்குப் பூங்கா வழியா நடந்து போறப்ப கத்திக் குத்துல செத்தான். குத்தினவனுக்கு அப்ப வயசு 15.

இங்கே டிவியில எல்லாரும் "இனவெறி"ன்னாங்க. அங்கே போலீஸ் முதல்ல "சும்மா வழிப்பறிதான்"னாங்க. இனவெறி இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 2011-ல் ஆஸ்திரேலிய குற்றவியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லுது. தாக்குதல் கணக்குல இந்திய மாணவர் நிலை மத்தவங்களை விட மோசமா இல்லை. வழிப்பறி, கொள்ளைக் கணக்குலதான் அதிகம். காரணங்கள்ல ஒண்ணு, அவங்க பார்த்த வேலை. பெட்ரோல் பங்க், ராத்திரி முழுக்கத் திறந்திருக்கற கடை, டாக்சி. வேலை முடிஞ்சு நடுராத்திரி ரயில்ல, ஆள் இல்லாத ஸ்டேஷன்ல இறங்கி, வாடகை குறைவுன்னு ஊருக்கு ஒதுக்குப்புறமா எடுத்த வீட்டுக்கு நடந்து போறது.

அதாவது, அந்தப் பிள்ளைங்களை அந்த நேரத்துல அந்தத் தெருவுல கொண்டு போய் நிறுத்தினது ஃபீஸ் கணக்கு. பகல் வேலை கிடைக்காது, பகல்ல வகுப்பு. மத்தவங்க வேண்டாம்னு சொன்ன ஷிப்டுதான் இவங்களுக்கு.

பாதிச் சம்பளக் கதை

2015 ஆகஸ்ட்ல ஆஸ்திரேலியாவில் இன்னொரு பூகம்பம். ஏபிசி தொலைக்காட்சியும் ஃபேர்ஃபாக்ஸ் பத்திரிகைகளும் சேர்ந்து 7-லெவன் கடைகளோட சம்பளக் கணக்கை வெளியே கொண்டு வந்தாங்க. கடைகள்ல வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர்கள். நடந்தது என்னன்னா, பையன் 40 மணி வேலை பார்ப்பான், சம்பளச் சீட்டுல 20 மணி. கணக்கைப் பார்த்தா சட்டப்படி சரியான சம்பளம். நிஜத்துல பாதி. அவன் வாயைத் திறந்தா? "நீ 20 மணிக்கு மேல வேலை பார்த்திருக்க, இமிக்ரேஷனுக்குச் சொல்லட்டுமா?" அவ்வளவுதான், வாயை மூடிக்குவான்.

விசாரணைக்கு அப்புறம் இன்னொரு முறை. பேங்க்ல முழுச் சம்பளம் போட்டுருவாங்க. பையன் ஏ.டி.எம்.ல எடுத்துப் பாதியைக் கடைக்காரர் கையில திருப்பிக் கொடுக்கணும். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சுங்க, வருத்தத்தோட. பையர் ஆடிட்டுக்கு வர்றப்ப ஒரு ரெஜிஸ்டர், நமக்கு ஒரு ரெஜிஸ்டர்னு ரெண்டு வெச்சிருந்த கதையெல்லாம் மெர்ச்சண்டைசரா இருந்த எனக்குத் தெரியாதா என்ன!

ஆனா ஒண்ணு. அங்கே அந்தக் கதை அத்தோட முடியல. கம்பெனித் தலைவரும் தலைமை அதிகாரியும் பதவி விலகினாங்க. 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல தொழிலாளிகளுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டி வந்துச்சு. 2017-ல் சட்டத்தைக் கடுமையாக்கினாங்க. 2024 ஜூலையிலிருந்து விசாவைக் காட்டி மிரட்டுற முதலாளிக்குத் தனிக் குற்றம், ஏமாந்த தொழிலாளி புகார் கொடுத்தா விசா விஷயத்துல பாதுகாப்பு. இது எல்லாத்துக்கும் ஆரம்பம், யாரோ சில பசங்க தைரியமா கேமரா முன்னாடி பேசினதுதான். அவங்க பேசறதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் எத்தனை பேர் பாதிச் சம்பளத்தோட ஊருக்குப் போன்ல "நல்லா இருக்கேன்மா"ன்னு சொல்லியிருப்பாங்க...

காலில் கட்டின வளையம்

அமெரிக்கக் கதை வேற மாதிரி. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவில் ட்ரை-வேலி யுனிவர்சிட்டின்னு ஒண்ணை மூடினாங்க. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல மாணவர்கள், பெரும்பாலும் ஆந்திராப் பிள்ளைங்க. பாதிக்கு மேல மாணவர்கள் ஒரே ஒரு அபார்ட்மெண்ட்ல குடியிருக்கறதா ஆவணத்துல எழுதியிருந்துச்சு! வகுப்புக்கே போக வேண்டாம், முதல் நாளிலிருந்து எங்கே வேணும்னாலும் வேலை பார்க்கலாம்னு ஆசை காட்டிச் சேர்த்திருந்தாங்க. நடத்தின அம்மாவுக்கு 2014-ல் 16 வருஷத்துக்கு மேல ஜெயில். ஆனா முதல்ல தண்டனை அனுபவிச்சது மாணவர்கள்தான். சிலருக்குக் கணுக்கால்ல ரேடியோ வளையம் மாட்டி விட்டாங்க. மாட்டுக்கு மணி கட்டற மாதிரின்னு நம்ம ஊர்ல கொதிச்சாங்க.

சரி, பாடம் படிச்சிருப்பாங்கன்னு பார்த்தா, 2019-ல் டெட்ராய்ட் பக்கம் ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி. இந்தத் தடவை அதை நடத்தினதே அமெரிக்க அரசாங்க ஏஜெண்டுகள், பொறி வைக்கிறதுக்காக. பிடிபட்ட 130 மாணவர்ல 129 பேர் இந்தியர்.

ரெண்டுலயும் ஆசை ஒண்ணுதான்: படிப்பு பேருக்கு, வேலை நிஜத்துக்கு. 'மாணவர்'ங்கிற வேஷத்துல போனா, ஏதாவது ஒண்ணு நடக்கறப்ப மாணவனாவும் யாரும் பேச மாட்டாங்க, தொழிலாளியாவும் யாரும் பேச மாட்டாங்க.

லெஸ்டர் என்கிற இன்னொரு திருப்பூர்

இங்கிலாந்துல லெஸ்டர்னு ஒரு ஊர். ஒரு காலத்துல பின்னலாடைக்குப் பேர் போனது, நம்ம ஊரோட அண்ணன்னு வெச்சுக்கங்க. 2015-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அங்கே இருக்கற சின்னச் சின்ன தையல் கம்பெனிகளை விசாரிச்சு எழுதினாங்க. சட்டப்படி குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 6.50 பவுண்டு. பல இடத்துல கொடுத்தது 3 பவுண்டு. 2020-ல், கொரோனா நடுவுல, பூஹூ கம்பெனிக்குத் துணி தைச்ச இடங்கள்ல 3.50 பவுண்டுக்கு வேலை வாங்கறாங்கன்னு பெரிய செய்தி ஆச்சு. அப்ப சட்டக் கூலி 8.72. வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலும் தெற்காசியாவிலிருந்து போனவங்க. கொடுத்தவங்கள்லயும் நம்ம ஆளுங்க உண்டு. "நம்ம ஊர்க்காரர்தானே"ங்கிற நம்பிக்கை எல்லா நேரமும் காப்பாத்தாதுங்க.

இங்கே வந்தவங்களை நாம எப்படி வெச்சிருந்தோம்?

வெளிநாட்டுக்காரனை மட்டும் குறை சொல்லிட்டு முடிச்சா அது நியாயம் இல்லை.

நம்ம பக்கத்து நூல் மில்லுகள்ல 'சுமங்கலித் திட்டம்'னு ஒண்ணு இருந்தது தெரியும்ல? தென்மாவட்டத்திலிருந்து பதினஞ்சு பதினாறு வயசுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து, ஹாஸ்டல்ல தங்க வெச்சு, மூணு வருஷம் வேலை பார்த்தா கல்யாணத்துக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் மொத்தமாத் தர்றோம்னு சொல்வாங்க. வெளியே போகக் கூடாது, போன் பேசக் கூடாது. மூணு வருஷம் முடியறதுக்குள்ள உடம்பு முடியாம வீட்டுக்குப் போனா அந்தப் பணம் வராது. 2011-ல் வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கை போட்டதும்தான் பையர்கள் கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க, நாமளும் "அப்படியா"ன்னு கேட்டோம். பல்லடம் ரோட்டுல அந்த மில் பஸ்ஸுகளைத் தினமும் பார்த்தவங்கதானே நாம!

2023 மார்ச்ல என்ன நடந்துச்சு? தமிழ்நாட்டுல வடமாநிலத் தொழிலாளிகளை அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரவி, திருப்பூர் ஸ்டேஷன்ல கூட்டம் கூட்டமா மூட்டையோட நின்னாங்க. பீகார்ல இருந்து அதிகாரிகள் குழு இங்கேயே வந்து பார்த்துட்டுப் போச்சு. வீடியோ பொய்தான். ஆனா அந்தப் பயம் பொய் இல்லை. ஊர் மொழி தெரியாம, பத்துப் பேர் ஒரு ரூம்ல, யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியாம இருக்கறவனுக்கு ஒரு வீடியோ போதும். 2009-ல் மெல்போர்ன்ல நம்ம பிள்ளைங்களுக்கு இருந்ததும் இதே பயம்தான். அன்னைக்கு நாம டிவி முன்னாடி கொதிச்சோம். 2023-ல் நம்ம லைன் வீட்டுல குடியிருந்த ஒடிசாப் பையன்கிட்ட "பயப்படாத தம்பி"ன்னு போய்ச் சொன்னவங்க எத்தனை பேர்? நானே மூணு நாள் கழிச்சுத்தான் போனேன்.

மாப்பிள்ளைக்குச் சொன்ன கணக்கு

நேத்து சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன்.

பிரிட்டன்ல 2025 ஏப்ரல்ல 21 வயசுக்கு மேலானவங்களுக்குக் குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆச்சு. வாரம் 20 மணின்னா 244 பவுண்டு. மாசத்துக்கு ஏறக்குறைய 1,060. ஒரு வாரம் கூட விடாம வேலை கிடைச்சாத்தான் இது. 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே படிக்கிறவன் மாசச் செலவுக்கு 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாசத்துக்குக் காட்டணும்னு அந்த நாட்டு அரசாங்கமே சொல்லுது. அதாவது அவங்க கணக்குப்படியே, சட்டப்படி முழுசா வேலை பார்த்தாலும் சாப்பாடும் வாடகையுமே முழுசாத் தேறாது. இதுல ஃபீஸ் எங்கே இருந்து வரும்?

பையன் பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்தான். "அப்ப எல்லாரும் எப்படி மாமா கட்டறாங்க?"

"வீட்டுல இருந்து வாங்கறாங்க. இல்லைன்னா 20 மணிக்கு மேல, பேர் எழுதாத இடத்துல, கையில காசு வாங்கிட்டுப் பார்க்கறாங்க. அந்த ரெண்டாவது ஆள் ஆனன்னைக்கு நீ அந்த ஊசி குத்தின பையன் மாதிரி. அடிபட்டாலும் எங்க அடிபட்டதுன்னு சொல்ல முடியாது."

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள் சொன்னேன். மாஸ்டர்ஸ் படிக்கிறவனுக்குக் கோடை மாசங்கள் விடுமுறை இல்லை, அப்பத்தான் ப்ராஜெக்ட். "லீவுதானே"ன்னு முழு நேரம் பார்த்தா மாட்டிக்குவான். சொந்தத் தொழில் கணக்குல வர்ற டெலிவரி வேலை மாணவர் விசாவுக்கு ஆகாது, இன்னொருத்தன் அக்கவுண்டை வாடகைக்கு வாங்கி ஓட்டறது ரெட்டைத் தப்பு. சம்பளச் சீட்டு தராத இடத்துல ரெண்டாவது வாரம் நிக்காதே. பாஸ்போர்ட்டை எந்த முதலாளி கேட்டாலும் காட்டு, கையில கொடுத்துட்டு வராதே. எத்தனை மணி பார்த்தேன்னு நீயே ஒரு நோட்டுல எழுதி வை. ராத்திரி வேலைன்னா திரும்பி வர்ற வழியை முதல்ல பார்த்துட்டு அப்புறம் வேலைக்கு ஒத்துக்க. காலேஜ்ல இருக்கற மாணவர் உதவி ஆபீசை முதல் வாரமே போய்ப் பாரு. பிரச்சினை பெரிசானா தூதரகம் இருக்கு, 2015-லிருந்து வெளியுறவுத் துறையோட 'மதத்' இணையதளத்துல புகார் பதியலாம். கம்பளிக்கு உள்ளே படு!

கடைசியாச் சொன்னதுதான் முக்கியம். "போன் பண்றப்ப 'நல்லா இருக்கேன்'னு பொய் சொல்லாதே. நகை போனா போகுது. முடியலைன்னா முடியலைன்னு சொல்லு."

தங்கச்சி சமையல்கட்டு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு மச்சான்தான் பேசினார். மீதி ஃபீஸுக்கு அவினாசி பக்கம் இருக்கற அரை ஏக்கரை வெச்சு லோன் கேட்கலாமா, இல்லை ஒரு வருஷம் தள்ளிப் போடலாமான்னு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து அவருக்கு ஆர்டர் படுத்துப் போச்சு, கையில ஒண்ணும் இல்லை. தள்ளிப் போடறதுன்னா கட்டின பாதி ஃபீஸ் என்ன ஆகும்னு காலேஜுக்கு மெயில் போட்டிருக்கான். பதில் இன்னும் வரல.

கிளம்பறப்ப பையன் அந்தப் பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டான். "கன்சல்டன்சில காட்டறேன் மாமா"ன்னான்.

காட்டட்டும். அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்.